டோக்கியோவில் எந்தப் பகுதியில் தங்குவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: முதல் தடவையாக டோக்கியோ போகிறோம், ஒரு வாரம் இருப்போம். ஒருவர் ஷின்ஜுக்குவில் தங்கச் சொல்கிறார். இன்னொருவர் அசகுசாவை விட்டால் வேறு இடமே இல்லை என்கிறார். மூன்றாமவர் கின்சாவுக்குக் கை காட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேருமே தங்களுக்குப் பொருந்திய இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எப்படி ஊர் சுற்றுபவர் என்று அவர்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

டோக்கியோவுக்கு ஊர் நடு என்று ஒன்று கிடையாது. வரைபடத்தின் மையத்தில் இருப்பது பேரரசரின் அரண்மனையும் அதன் அகழியும். கடைவீதிகளும் கேளிக்கைகளும் அருங்காட்சியகங்களும் அதைச் சுற்றி ஏழெட்டு இடங்களில் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை யமனோதே என்ற வட்ட ரயில் தடம் இணைக்கிறது. நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30, ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆகவே வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே கூட அரை மணி நேரப் பயணம்தான். குறுக்கே போகும் சூவோ விரைவு ரயிலில் டோக்கியோ நிலையத்திலிருந்து ஷின்ஜுக்குவுக்குக் கால் மணி நேரம் போதும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், பகலில் நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம், ரயில் பார்த்துக்கொள்ளும். தங்கும் பகுதி உங்களுக்குத் தருவது விடிகாலையையும் ராத்திரியையும்தான். எழுந்ததும் எந்தத் தெருவில் நடக்கப் போகிறீர்கள், கால் கடுக்கச் சுற்றிவிட்டு எட்டு மணிக்கு எந்தத் தெருவுக்குத் திரும்பப் போகிறீர்கள், சாப்பிட்ட பிறகு இன்னும் ஒரு மணி நேரம் வெளியே இருக்க ஆசைப்படுபவரா, அறைக்குள் போய் விழுபவரா? இவற்றுக்கு உண்மையான பதில் தெரிந்துவிட்டால் பகுதி தானாக முடிவாகிவிடும். “நான் எதையும் பார்ப்பேன்” என்பது பதிலாகாது. வழக்கமாக விடுமுறையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

பொதுவாகச் சொன்னால் நகரின் கிழக்குப் பக்கம் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்கும். மேற்குப் பக்கம் தாமதமாக எழுந்து நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும்.

கிழக்கில் அசகுசாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் சென்சோஜி கோயில் கி.பி. 628-ல் தோன்றியதாக மரபு சொல்கிறது. இப்போதிருக்கும் பிரதான மண்டபம் போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்ததற்குப் பிறகு 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. பகல் பதினொரு மணிக்கு அங்கே போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் வளாகம் எந்நேரமும் திறந்தே இருக்கும், மண்டபத்தைக் காலை 6 மணிக்கே (குளிர்காலத்தில் 6.30) திறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வருபவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் முதியவர்கள். மாலையில் ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் நாகாமிசே கடைத்தெரு மூடத் தொடங்கும், கூட்டம் வடியும், பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஐந்தடுக்குக் கோபுரத்தைக் கிட்டத்தட்டத் தனியாகவே பார்க்கலாம். இந்த இரண்டு வேளையும் அங்கே தங்குபவருக்கு மட்டும்தான் கிடைக்கும். ஷின்ஜுக்குவிலிருந்து பகலில் வந்து போகிறவருக்குக் கிடைக்காது. சீக்கிரம் எழும் ஆளாக இருந்தால் நான் யோசிக்காமல் அசகுசாவைச் சொல்வேன்.

போக்குவரத்தும் அசகுசாவுக்குச் சாதகம். 1927-ல் ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாகத் திறக்கப்பட்ட கின்சா தடம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. உவேனோ, நிஹோன்பாஷி, கின்சா, ஒமோதெசாந்தோ வழியாக ஷிபுயா வரை ஒரே ரயில். புறப்படும் நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அசகுசா தடம் என்ற இன்னொரு சுரங்க ரயிலில் ஹனேடா, நரிட்டா ஆகிய இரண்டு விமான நிலையங்களுக்குமே மாறாமல் போகும் வண்டிகள் உண்டு. வடக்கே மலைப்பகுதியில் உள்ள நிக்கோ என்ற கோயில் ஊருக்குப் போகும் தோபு ரயிலும் இங்கிருந்தே கிளம்புகிறது. குறை என்னவென்றால் யமனோதே வட்டம் இந்தப் பக்கம் வருவதில்லை, மேற்குப் பகுதிகளில் ராத்திரி வெகுநேரம் இருந்துவிட்டுத் திரும்புவது அலுப்பு.

ஒரு எச்சரிக்கை. அசகுசா என்ற பெயரில் நான்கு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. மூன்று பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. ட்சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்தின் அசகுசா நிலையம் மட்டும் அவற்றிலிருந்து பத்து நிமிட நடை தள்ளி மேற்கே இருக்கிறது. “அசகுசா நிலையத்திலிருந்து 2 நிமிடம்” என்று ஹோட்டல் போட்டிருந்தால் அது எந்த அசகுசா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அசகுசாவின் கூட்டம் வேண்டாம், ஆனால் அதை ஒட்டி ஓடும் சுமிதா ஆற்றங்கரை வேண்டும் என்பவர்களுக்குக் குராமாயே இருக்கிறது. அசகுசா தடத்தில் தெற்கே அடுத்த நிலையம். பழைய கிடங்குகளும் பட்டறைகளும் காபிக் கடைகளாகவும் கைவினைக் கடைகளாகவும் மாறிய இடம். தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கான நல்ல ஹாஸ்டல்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. கையில் காசு மிகக் குறைவு என்றால் இன்னும் வடக்கே மினாமி-சென்ஜு. முன்பு தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய சான்யா என்ற வட்டாரம் அது. 1966-ல் அந்தப் பெயரையே முகவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து விடுதிகள் பல இப்போது வெளிநாட்டுப் பயணிகளையும் வைத்துக்கொள்கின்றன. பாய் விரித்தால் அறை நிறைந்துவிடும், குளியலறை பொது. தெரு அமைதியாகத்தான் இருக்கும். தூங்க மட்டும் இடம் வேண்டும் என்பவருக்குச் சரியான தேர்வு, குடும்பத்தோடு போகிறவருக்கு இல்லை.

உவேனோ எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் சமரசம். யமனோதே வட்டத்தில் இருக்கிறது, இரண்டு சுரங்க ரயில் தடங்கள் இருக்கின்றன, வடக்கே போகும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் நிற்கிறது, நரிட்டாவுக்குப் போகும் ஸ்கைலைனர் ரயில் பக்கத்தில் உள்ள கேசெய்-உவேனோ நிலையத்திலிருந்து கிளம்பி சுமார் நாற்பத்தைந்து நிமிடத்தில் விமான நிலையம் சேர்கிறது. அருங்காட்சியகம் பார்ப்பதற்காகவே பயணம் போகிறவர் என்றால் வேறு பகுதியைத் தேடவே வேண்டாம். 1872-ல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், லெ கொர்பூசியே வடிவமைத்து 1959-ல் திறக்கப்பட்ட மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம், 1882-ல் திறந்த விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் ஒரே பூங்காவுக்குள். பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் திட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குப் பின்னால் வடமேற்கே நடந்தால் யனகா வந்துவிடும். 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெரும்பகுதி தப்பிய பழைய குடியிருப்பு அது. சந்துகளும் சிறு கோயில்களும் கல்லறைத் தோட்டமுமாக, இந்த நகரம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று காட்டும் இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது.

உவேனோவில் அறை தேடும்போது ஒகாச்சிமாச்சி என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். யமனோதேயில் அடுத்த நிலையம், இரண்டுக்கும் நடுவே அமெயோகோ சந்தை. தரை சமதளம், தங்கும் ஹோட்டல்கள் அதிகம். நகை மொத்த வியாபாரத் தெருக்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் சைவம் தரும் இந்திய உணவகங்களும் உண்டு. சைவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. காய்கறி மட்டும் மிதக்கும் கிண்ணத்திலும் மீன் இருக்கும். எதிர்த்திசையில் அடுத்த நிலையமான உகுயிசுதானியில் மலிவாக அறை தென்பட்டால் அவசரப்படாதீர்கள். மணிக்கணக்கில் ஜோடிகளுக்கு வாடகைக்கு விடும் விடுதிகள் அந்த நிலையத்தை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் குழந்தைகளோடு போகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மேற்கு. ஷின்ஜுக்கு நிலையத்தை ஒரு நாளைக்கு முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது, உலகத்திலேயே மிக நெரிசலான நிலையம். வெளியேறும் வாசல்கள் இருநூறுக்கும் மேல். “ஷின்ஜுக்குவில் தங்குகிறேன்” என்று சொன்னால் நான் உடனே கேட்பது, கிழக்கு வாசல் பக்கமா, மேற்கு வாசல் பக்கமா என்பதைத்தான். இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

மேற்கில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள், பெரிய ஹோட்டல்கள், அகலமான நடைபாதை, ராத்திரியில் அமைதி. கென்ஸோ தாங்கே வடிவமைத்த பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடியிலிருந்து, 202 மீட்டர் உயரத்தில், இலவசமாக நகரத்தைப் பார்க்கலாம். கிழக்கில் கபுகிச்சோ. விளக்கு வெள்ளம், மதுக்கடைகள், விடிய விடிய நடமாட்டம். ராத்திரி வாழ்க்கைக்காகவே போகிறவருக்கு இங்கே தங்குவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது: நடந்தே அறைக்குத் திரும்பலாம். டோக்கியோவில் ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. நள்ளிரவுக்கும் ஒரு மணிக்கும் இடையில் கடைசி வண்டிகள் போய்விடும், மறுபடி நாலரை, ஐந்து மணிக்குத்தான். இடைப்பட்ட நேரத்தில் டாக்சிதான் கதி, இரவு 10 முதல் காலை 5 வரை அதற்கு 20 சதவீதம் கூடுதல் கட்டணம். அசகுசாவில் அறை எடுத்துவிட்டு தினமும் ஷின்ஜுக்குவில் பதினொன்றரைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு நல்ல விடுமுறை இல்லை. அதே சமயம் கபுகிச்சோவில் நடுத்தெருவில் வந்து கூப்பிடும் ஆட்களோடு எந்தக் கடைக்குள்ளும் போகாதீர்கள். கட்டணத்தில் மோசடி நடப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஷின்ஜுக்குவுக்கு இன்னொரு வகைப் பயணியும் பொருத்தம்: நகரத்தைவிட வெளியூருக்கு ஒரு நாள் போய் வருவதில் ஆர்வம் உள்ளவர். ஹகோனேவுக்குப் போகும் ஒடாக்யூ ரயில் இங்கிருந்து. ஃபூஜி மலை அடிவாரத்துக் கவாகுச்சிகோவுக்குப் பேருந்து, 2016-ல் நிலையத்தின் தெற்கு வாசலில் திறந்த பேருந்து முனையத்திலிருந்து. கமகுராவுக்கும் நேர் ரயில் உண்டு. ஒரு வாரத்தில் மூன்று நாள் இப்படி வெளியே போகப் போகிறீர்கள் என்றால், காலையில் அறையிலிருந்து இறங்கி நேரே வண்டி ஏறுவது பெரிய நிம்மதி.

ஷிபுயாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள், துணிக்கடைகள், இசை, ராத்திரி. இருபதுகளில் இருப்பவர் நண்பர்களோடு போனால் பிடிக்கும். நிலையம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு தோகென்சாகா என்ற ஏற்றச் சாலையில் ஏறும்போது இது புரியும். நிலையத்துக்கு எதிரே எல்லாப் பக்கமும் மக்கள் ஒரே நேரத்தில் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற குறுக்குச் சந்திப்பைப் பார்க்க ஒரு மாலை போதும், அதற்காக அங்கே தங்க வேண்டாம்.

கின்சா, நிஹோன்பாஷி, டோக்கியோ நிலையம் ஆகியவை ஒரே தொகுதி. சமதளமான அகலத் தெருக்கள், லிஃப்ட் வசதியுள்ள நிலையங்கள், எந்தத் திசைக்கும் ரயில். வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அறைக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும். டோக்கியோ நிலையத்தின் மருனோஉச்சிப் பக்கம் சனி, ஞாயிறு மாலைகளில் வெறிச்சோடிவிடும், அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். கியோத்தோ, ஒசாகா என்று தொடரப் போகிறவருக்கும் இந்தப் பக்கமோ ஷினகாவாவோ வசதி, ஏனென்றால் தொகாய்தோ ஷின்கான்சென் இந்த இரண்டு நிலையங்களில்தான் நிற்கிறது. நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிக்கு அந்த ரயிலில் 2020 முதல் தனி முன்பதிவு வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பகுதியைவிட அறைதான் முதல் சிக்கல். டோக்கியோவின் சாதாரண ஹோட்டல் அறை 12 முதல் 15 சதுர மீட்டர். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாது. கட்டணமும் பல இடங்களில் ஆள் கணக்கில். நான்கு பேருக்கு ஒரே அறை என்று தேடினால் மேற்கில் அகப்படுவது குறைவு. உவேனோ, அசகுசா வட்டாரத்தில் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் வைத்த அடுக்ககப் பாணி ஹோட்டல்கள் கிடைக்கும். டிஸ்னிலேண்டுக்காகவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது டோக்கியோவிலேயே இல்லை, பக்கத்து சீபா மாகாணத்தின் உராயசுவில் இருக்கிறது. அதற்குப் போகும் கெய்யோ ரயிலின் பிளாட்பாரம் டோக்கியோ நிலையத்துக்குள் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது, குழந்தைகளோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கத் தயாராக இருங்கள். இரண்டு நாள் டிஸ்னி என்றால் அந்த இரண்டு இரவை மட்டும் அங்கேயே போட்டுவிடுவது நல்லது. ஒடாயிபாவும் குழந்தைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் கடலோரமாக ஒதுங்கியிருப்பதால் தினசரி போய்வர ஒவ்வாது.

இதுவரை சொன்னதெல்லாம் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு போகிறவர்களுக்கு. பட்டியல் எதுவும் இல்லாமல் ஒரு தெருவில் வாழ்ந்து பார்க்க விரும்புகிறவர், இரண்டாம் முறை போகிறவர், வேலையையும் கையோடு எடுத்துப் போகிறவர் ஆகியோர் யமனோதே வட்டத்துக்கு வெளியே போக வேண்டும். ஷிபுயாவிலிருந்து மேற்கே போகும் இனோகாஷிரா தடம் இதற்காகவே போட்டது போல இருக்கும். ஷிமோகிதாசாவாவில் பழைய துணிக்கடைகளும் சிறு நாடக அரங்குகளும். தடத்தின் கடைசி நிலையமான கிச்சிஜோஜியில் 1917-ல் திறந்த இனோகாஷிரா பூங்கா, குளம், அதைத் தாண்டி நடக்கும் தூரத்தில் கிப்லி என்ற அனிமேஷன் பட நிறுவனத்தின் அருங்காட்சியகம். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் மாலையில் காய்கறி வாங்கித் திரும்புகிறவர்களையும் பார்த்துக்கொண்டே நாள் போகும். கிழக்கில் இதே குணமுள்ள இடம் கியோசுமி-ஷிராகாவா. ஆற்றுக்கு அக்கரையில், தோட்டமும் தற்காலக் கலை அருங்காட்சியகமும் காபி வறுக்கும் கடைகளுமாக. இங்கெல்லாம் ஹோட்டல்கள் குறைவு, வீட்டு வாடகைதான் கிடைக்கும். 2018 ஜூனில் வந்த சட்டத்தின்படி அப்படிப்பட்ட வீட்டை வருடத்துக்கு 180 நாள்தான் விருந்தினருக்கு விடலாம், பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் எண் இல்லை என்றால் தொட வேண்டாம்.

நீண்ட நாள் தங்கும் சைவர்களுக்கு நிஷி-கசாய் என்ற பெயரையும் சொல்லி வைக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி, மளிகை முதல் உணவகம் வரை கிடைக்கும், டோசாய் தடத்தில் நிஹோன்பாஷிக்கும் ஓதெமாச்சிக்கும் நேர் ரயில். ஆனால் காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே அந்தத் தடத்தில் ஏறுவது கஷ்டம். டோக்கியோவின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று அது.

ஒரு வாரத்துக்குள் ஹோட்டல் மாறலாமா என்று பலரும் கேட்பார்கள். கிழக்கில் மூன்று இரவு, மேற்கில் நான்கு இரவு என்று பிரிக்கத் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். அறையைக் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும், புதிய அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் தருவார்கள். பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் சேர்ந்து ஒரு பகலைத் தின்றுவிடும். நடுவில் கியோத்தோ போய் வருகிறீர்கள் என்றால் மட்டும் பிரிப்பது சரி: வந்திறங்கும்போது ஒரு பக்கம், திரும்பும்போது இன்னொரு பக்கம். அப்போதும் கடைசி இரவை விமான நிலையத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நரிட்டா நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, காலை விமானம் என்றால் உவேனோ அல்லது ஸ்கைலைனர் நிற்கும் நிப்போரி. ஹனேடா என்றால் ஷினகாவா அல்லது மோனோரயில் கிளம்பும் ஹமமாட்சுசோ. இந்த இரண்டிலிருந்தும் ஹனேடாவுக்குக் கால் மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான்.

பகுதியைத் தேர்ந்த பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால், ஹோட்டலின் பெயரை வரைபடத்தில் போட்டு மூன்றைப் பாருங்கள். நிலையத்தின் எந்த வாசல் பக்கத்தில் இருக்கிறது, அந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறதா என்பது முதலாவது. பல சுரங்க நிலையங்களில் லிஃப்ட் ஒன்றிரண்டு வாசல்களில்தான் இருக்கும், மற்றவற்றில் படிக்கட்டு. ஒயெதோ தடம் மிக ஆழத்தில் ஓடுவது, ரொப்போங்கியில் பிளாட்பாரம் 42 மீட்டர் கீழே. அந்தத் தடத்தின் நிலையத்திலிருந்து மூன்று நிமிடம் என்று போட்டிருந்தால், மேலே ஏறி வர இன்னும் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நிலையம் யாருடையது. ஜே.ஆர்., டோக்கியோ மெட்ரோ, தோயெய் மூன்றும் தனித்தனி நிறுவனங்கள். முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் சுயிகா, பாஸ்மோ அட்டை எல்லாவற்றிலும் செல்லும். ஆனால் வெளிநாட்டவருக்கு விற்கும் 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டு ஜே.ஆர். நடத்தும் யமனோதேயில் செல்லாது. அந்தச் சீட்டை வாங்க நினைப்பவர் மெட்ரோ அல்லது தோயெய் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்க வேண்டும். மூன்றாவது, தெருக்காட்சியில் அந்த நிலைய வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். மேம்பாலச் சாலை ஜன்னலை ஒட்டிப் போகிறதா, வழியில் படிக்கட்டுப் பாலம் இருக்கிறதா, ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் திறந்திருக்கும் கடை ஏதாவது உண்டா என்பதெல்லாம் ஹோட்டல்காரர் போடும் படங்களில் வராது. மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம் செர்ரி பூக்கும் பருவத்துக்குப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையை மாதக்கணக்கில் முன்னதாகவே முடித்துவிடுங்கள். உவேனோவில் அப்போது நல்ல அறைகள்தான் முதலில் தீரும்.